7. வெளுத்த சிவப்பு

காலையில் எழுந்தேன். படுக்கையை மடித்தேன். காபித் தூளைத் தகர வடிகட்டியில் போட்டு வெந்நீர் ஊற்றி, அது சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முகம் மழித்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன், முதலில் காலர், பிறகு கை. ஜன்னலுக்குக் கீழே சைகோனின் தோன் டுக் தாங் சாலையில் மோட்டார் பைக்குகள் ஓட ஆரம்பித்திருந்தன. தண்டாயுதபாணி கோயிலில் மணி அடித்தது. காபியைக் குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். பிறகு பார்சலைப் பிரித்தேன்.

அது முந்தின நாளே வந்துவிட்டது. அன்று பிரிக்கவில்லை.

உள்ளே ஒரு இடுப்புப் பட்டை இருந்தது. பாறை ஏறுகிறவர்கள் இடுப்பிலும் தொடைகளிலும் மாட்டிக்கொள்வது. தூதரகத்திலிருந்து போனில் முன்பே சொல்லியிருந்தார்கள். போன வருஷம் என் மனைவி ஏறப்போய்த் திரும்பாத மலைச் சுவரில் இந்தக் கோடையில் ஏறப்போன செக் நாட்டுக்காரர்கள் அவள் உடலை மலையடியில் கண்டிருக்கிறார்கள். அங்கேயே கல் அடுக்கி அடக்கம் செய்துவிட்டு, பட்டையை மட்டும் கழற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. ஹமீதா பானு வந்தாள். என் துப்பறியும் அலுவலகத்தின் ஒரே ஊழியர். காரைக்காலில் பிறந்தவள். மாமாவின் சாப்பாட்டுக் கடையைக் கவனிக்க சைகோன் வந்தாள். வாடிக்கையாளர்களிடம் வாய் காட்டியதால் மாமாவே அவளை என்னிடம் அனுப்பிவைத்தார்.

முகமூடி, கறுப்புக் கண்ணாடி, விரல் நுனிவரை நீண்ட சட்டை. வெயிலில் வண்டி ஓட்டும் சைகோன் பெண்கள் எல்லோரும் வங்கியைக் கொள்ளையடிக்கப் போகிறவர்கள் போலத்தான் இருப்பார்கள்.

"சாப்ட்டீங்களாண்ணே?"

"காபி குடிச்சேன்."

"காபி சாப்பாடா? இந்தாங்க, பான் மி ரொட்டி. முட்டை வெச்சது. தின்னுட்டு சோகமா இருங்க, யாரு வேணாம்னா?"

மேஜைமேல் கிடந்ததைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"அண்ணியோடதா?"

"ஆமாம்."

என் மனைவி வேதநாயகி, ஊரின் தெற்கே பூ மி ஹங்கில் உள்ள ஒரு பயிற்சிக்கூடத்துச் செயற்கைச் சுவரில் ஏறக் கற்றாள். பிறகு வடக்கே சுண்ணாம்புப் பாறைகள். பிறகு இமயம். லாஹௌலுக்கு அப்பால், வரைபடத்தில் பெயர் இல்லாமல் எண் மட்டும் உள்ள ஒரு சிகரம். பயிற்சிக்கூடத்தின் உரிமையாளன் ராம்கியும் அவளும் போனார்கள். ராம்கி மட்டும் திரும்பினான்.

அவன் சொன்ன கதை இது. பாதிச் சுவரில் பனிப்புயல். அவன் மேலே, ஒரு கயிறு நீளத்துக்கு அப்பால் நின்று அவளைப் பிடித்திருந்தான். அவள் கால் தவறி அந்தரத்தில் தொங்கினாள். தூக்க முடியவில்லை. இருவரும் விழப்போன நேரத்தில் அவள் கத்தினாள்: "என்னை விட்டுடு ராம்கி. சொக்குகிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு." பிறகு தன் கத்தியால் கயிற்றை அறுத்துக்கொண்டாள்.

சொக்கு என்பது நான். சொக்கலிங்கம்.

எல்லோரும் அதை நம்பினார்கள். நானும் நம்பினேன். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனவளிடம் கோபப்பட முடியாது. கோபப்படாமலும் இருக்க முடியாது. ஓர் ஆண்டாக இரண்டும் இல்லாமல் இருக்கிறேன். இன்று மாலை ராம்கி அந்த அறுந்த கயிற்றைத் தன் பயிற்சிக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் திறப்பு விழா நடத்துகிறான். திரையை நான் விலக்க வேண்டுமாம். அழைப்பு வந்திருந்தது.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். அவள் தானாகவே போனாளா?

"இது என்ன கலருண்ணே?" என்றாள் பானு.

"சிவப்பு."

"எது, இதுவா? எங்க மாமா பல்லு மாதிரி இருக்கு."

"ஒரு வருஷம் மலை வெயில்ல கிடந்திருக்கு. வெளுத்துப்போச்சு."

பானு பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இடுப்பு வாரை இறுக்கும் உலோகப் பூட்டைத் தளர்த்தினாள். அதற்கு அடியில் விரல் அகலத்துக்கு நாடா நல்ல சிவப்பாக இருந்தது. வாங்கிய அன்று இருந்த சிவப்பு.

அவள் தன் கடிகாரத்தைக் கழற்றி மணிக்கட்டை நீட்டினாள். மாநிறக் கையில் வெளிறிய வளையம்.

"இங்க மூடி இருந்துச்சு, இங்க மட்டும் வெயிலு படல. அதே கதைதான். கயிறு எங்க கட்டுவாங்க?"

எனக்குப் பாறை ஏறத் தெரியாது. ஆனால் அவளைப் பல ஞாயிற்றுக்கிழமைகள் பார்த்திருக்கிறேன். பட்டையின் முன்புறம் மேலும் கீழுமாக இரண்டு காதுகள் உண்டு. கயிறு இரண்டுக்குள்ளும் நுழைந்து, எட்டுப் போன்ற ஒரு தடித்த முடிச்சாக வயிற்றருகே உட்காரும்.

காட்டினேன். பானு அந்தக் காதுகளை விரித்தாள். வெளிப்பக்கம் வெளுப்பு. உட்பக்கமும் வெளுப்பு. பானுவின் மாமா பல்தான், ஓரம்வரை.

"ட்ரோய் ஓய்," என்றாள் மெதுவாக, இந்த ஊர்க்காரர்கள் 'அட கடவுளே' என்பதற்குச் சொல்வது. "இங்க முடிச்சே இல்லண்ணே. அவங்க மலையடியில கெடந்த நாளெல்லாம் இங்க வெயிலு பட்டிருக்கு."

"கயிற்றை அறுத்தா முடிச்சு எங்கே போகும்?"

"எங்க போவும்? இடுப்புலதான் தொங்கும். முடிச்சுக்கு மேலதானே அறுக்க முடியும்?" பட்டையைக் கீழே வைத்தாள். "அப்ப அந்தாளு அறுத்துட்டான்."

"அவன் அறுத்தாலும் முடிச்சு இடுப்புலதான் இருக்கும்."

"சரி, அப்ப பேய் அவுத்துச்சு."

"பேய் இல்ல. யாரோ அவிழ்த்திருக்காங்க, அவ விழறதுக்கு முன்னாடி. ஏறுகிறவங்க முடிச்சை எப்போ அவிழ்ப்பாங்க?"

"என்னக் கேட்டா? நான் ஸ்டூல் மேல ஏறுனாலே கலிமா சொல்றவ."

"அப்போ தெரிஞ்சவன்கிட்ட போய்க் கேட்போம்."

"அவன்கிட்டயேவா?"

"நல்லாச் சொல்லிக்கொடுப்பான். அதுதான் அவன் தொழில்."

பானு முகமூடியை மாட்டினாள். "அந்த பான் மியத் தின்னுட்டு வாங்க. வெறும் வயித்துல எதிரியப் பாக்கக் கூடாது."

தின்றேன்.

*

பாலம் தாண்டி பூ மி ஹங் போய்ச் சேரும்போது நண்பகல். பயிற்சிக்கூடத்தில் ஆள் இல்லை. இந்த ஊரில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் வேலையாட்கள் தூங்குவது சட்டம் போன்றது. பின்னறையில் பாய் விரித்து வரிசையாகப் படுத்திருந்தார்கள். ஒரு மின்விசிறி எல்லோர் தலைமயிரையும் முறை வைத்துக் கலைத்துக்கொண்டிருந்தது.

கூடத்தின் நடுவே நீலத் துணி போர்த்திய கண்ணாடிப் பெட்டி. அருகே பித்தளைப் பலகை, மூன்று மொழிகளில். தமிழில் இருந்ததைப் பானு சத்தமாகப் படித்தாள்.

"'தோழனுக்காகத் தன் உயிர்க் கயிற்றைத் தானே அறுத்தவள்.' கல்யாணப் பத்திரிகை எழுதுறவன்கிட்ட குடுத்தாங்க போல."

"யாரு?" என்று குரல் வந்தது. ராம்கி. சென்னைக்காரன். என் வயது. முன்கை என் தொடை பருமன். என்னைப் பார்த்ததும் முகத்தைத் துக்கத்துக்கு மாற்றினான். அதற்கு அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"சொக்கு! நீ வருவேன்னு நெனைக்கல ப்ரோ. ஃபங்ஷன் சாயங்காலம்தானே?"

"தெரியும். அதுக்கு முன்னாடி ஒரு தடவை ஏறிப் பார்க்கணும். அவ செஞ்சது என்னன்னு தெரியாம திரையை விலக்க மனசு வரல."

அவன் யோசித்தான். பானு பக்கத்திலிருந்து சொன்னாள்: "மாட்டேன்னு சொல்லிருங்க சார். இவரு விழுந்து வெச்சா எனக்கு இந்த மாசச் சம்பளம் யாரு குடுப்பா?"

அவன் சிரித்தான். சிரித்தபின் மறுக்க முடியாது. "வா ப்ரோ. அவளுக்குச் சொல்லிக்குடுத்த மாதிரியே உனக்கும் சொல்லித்தரேன்."

சுவர் நான்கு மாடி உயரம். உச்சியில், தகரக் கூரைக்குக் கீழே, இருவர் உட்காரும் அளவுக்கு ஒரு திட்டு. மலையில் இருப்பது போலவே செய்தது. அங்கே போக ஏணி இல்லை, படிக்கட்டும் இல்லை. ஏறிப் போய், கயிற்றில் இறங்கி வர வேண்டும்.

என் இடுப்பில் அவன் ஒரு பட்டையை மாட்டிக் கயிற்றைக் கட்டினான். இரண்டு காதுகளுக்குள் நுழைத்து, எட்டு முடிச்சு.

"இது எப்போ அவிழும்?" என்றேன்.

"தானா அவிழவே அவிழாது. நீ தொங்கினா உன் வெயிட்டுக்குக் கல்லு மாதிரி இறுகிடும். ரெண்டு கையும் வேணும், கயிறு லூஸா இருக்கணும், நீ எங்கயாவது ஸ்டெடியா நிக்கணும். அப்பதான் அவுக்கலாம்."

பானு என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தாள்.

"தொங்குறப்போ அவிழ்க்க முடியாதா?"

"சான்ஸே இல்ல." பிறகு நல்ல ஆசிரியன் போலத் தொடர்ந்தான்: "மேல போயிட்டா கத்தாத. மலையில காத்துக்கு எதுவும் கேக்காது. கயித்தை இழுத்துத்தான் பேசுவோம். ஒரு இழுப்புன்னா தளர்த்து. ரெண்டுன்னா இறுக்கு. நீளமா மூணுன்னா நான் சேஃப்."

"மூணு இழுப்புன்னா சேஃப்," என்றாள் பானு. "எங்க மாமா வீட்டு ஃப்ளஷ்ஷும் அப்டித்தான்."

அவன் முதலில் ஏறினான். பல்லி போல. பிறகு மேலிருந்து கயிறு பிடிக்க, நான் ஏறினேன். பல்லி போல அல்ல. முழங்கால் தோல் இரண்டு இடத்தில் போனது. கீழே பானு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். "வலது காலு, வலது காலு! அது இடதுண்ணே!" என்பதுவரை கேட்டது.

பாதி உயரத்தில் இருந்தபோது மழை பிடித்தது. சைகோன் மழை. அறிவிப்பு இல்லாமல் லாரி சரளைக் கல்லைக் கொட்டுவது போலத் தகரக் கூரைமேல் விழுந்தது. உலகத்தில் வேறு சத்தமே இல்லாமல் போயிற்று.

திட்டில் ஏறி உட்கார்ந்தேன். ராம்கி என் பட்டையிலிருந்து ஒரு சிறு வாரை எடுத்துச் சுவரில் பதித்திருந்த வளையத்தில் மாட்டினான். அவனுடையதையும் மாட்டினான். பிறகு என் முடிச்சை அவிழ்த்தான். தன்னுடையதையும்.

"ஏன் அவிழ்க்கிறே?" காதருகே கத்திக் கேட்டேன்.

"இறங்கணும்ல? ஏறும்போது கயிறு நம்மளைக் கட்டியிருக்கும். இறங்கும்போது கயிறுதான் ஏணி. இப்படி ஃப்ரீ பண்ணி, நடுவுல மடிச்சு, அந்த வளையத்துல கோத்து, ரெண்டு முனையையும் கீழ விடணும். ஒருத்தன் இறங்குவான், அப்பறம் இன்னொருத்தன். கடைசியில ஒரு முனையை இழுத்தா முழுக் கயிறும் கீழ வந்துடும்."

"இதுக்குத்தான் முடிச்சை அவிழ்ப்பீங்களா? வேற எப்பவும் இல்லையா?"

"சுவர்ல இருக்கிறவரைக்கும் இதுக்கு மட்டும்தான் ப்ரோ. இது மாதிரி ஒரு திட்டுல."

அவன் கயிற்றைக் கோத்தான். முனைகள் கீழே போயின. எனக்குக் காலையிலிருந்து ஒரு பயம் இருந்தது, இவன் அவளைத் தள்ளிவிட்டான் என்று. இப்போது அது போய்விட்டது. அதைவிடப் பெரிய ஒன்று வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தது.

கீழே பானு அண்ணாந்து வாயை விரித்துக் கத்தினாள். கைகளைப் பார்த்தால் என் ஏழு தலைமுறையையும் திட்டுவது போலிருந்தது. ஒரு எழுத்தும் மேலே வரவில்லை.

"என்ன சொல்றா?" என்றேன்.

"கேக்காது ப்ரோ. மலையிலயும் இதேதான். பக்கத்துல உக்காந்திருந்தாத்தான் கேக்கும்."

"ஒரு கயிறு நீளத்துக்கு அப்பால இருந்தா?"

"சுத்தமாக் கேக்காது," என்றான். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்குக் கேட்டது.

 நான் கையருகே இருந்த கயிற்றை நீளமாக மூன்று முறை இழுத்தேன். அப்படி இழுத்தால் கைக்கு வந்த முனையை இழுத்துக்கொண்டு ஓடு என்று, ராம்கி ஏறிக்கொண்டிருந்தபோதே பானுவின் காதில் சொல்லி வைத்திருந்தேன். கீழே பானு மற்ற முனையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஸ்டூலுக்குப் பயப்படுகிறவள் தரையில் குதிரை போல ஓடுவாள். கயிறு வளையத்துக்குள் சீறிக்கொண்டு போயிற்று. ராம்கி எட்டிப் பிடிப்பதற்குள் வால் முனையும் தாண்டிவிட்டது. பாம்பு ஒன்று மாடியிலிருந்து விழுவது போல விழுந்தது.

இருவரும் வளையத்தில் மாட்டியிருந்தோம். விழமாட்டோம். இறங்கவும் மாட்டோம்.

"பைத்தியமா உனக்கு? போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடு. கேட்கிற தூரத்துல யார் இருக்கா?"

பின்னறையில் வேலையாட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மழை இன்னும் கனத்தது.

சட்டைக்குள் வைத்திருந்த வேதநாயகியின் பட்டையை எடுத்து அவன் மடியில் போட்டேன். உலோகப் பூட்டைத் தளர்த்திச் சிவப்பைக் காட்டினேன். பிறகு வெளுத்த காதுகளைக் காட்டினேன். அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. இந்த ஊரில் அதைப் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"கண்டெடுத்தவனுங்க அவுத்திருப்பானுங்க."

"அப்போ முடிச்சுக்கு அடியில சிவப்பா இருந்திருக்கும். இல்ல. அவ தொங்கல. தொங்குறவ அவிழ்க்க முடியாதுன்னு நீதான் சொன்னே. அவ ஒரு திட்டுல இருந்தா. பேச்சுக் கேட்கிற தூரத்துல நீ இருந்தே. இறங்குறதுக்காக ரெண்டு பேரும் முடிச்சை அவிழ்த்தீங்க. கயிறு உன்கூடக் கீழ வந்தது. அவ வரல. கயிற்றை யாருமே அறுக்கல, நீ கூடாரத்துக்கு வந்த பிறகு அறுத்ததைத் தவிர."

அவன் பட்டையைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ கால் உடைஞ்சிருந்தது," என்றான் கடைசியில். "கல்லு ஒண்ணு வந்து விழுந்தது. கணுக்கால். கீழ இன்னும் நெறைய எறங்கணும் ப்ரோ. ஒவ்வொரு திட்டுலயும் அவளுக்காக நின்னா ராத்திரி சுவர்லயே மாட்டிப்போம். ரெண்டு பேரும் செத்திருப்போம். நான் மொதல்ல எறங்கினேன். அவ அந்தப் பக்கம் உக்காந்து கால்ல துணி சுத்திட்டிருந்தா. வளையத்தைப் பாக்கல. நான் கீழேர்ந்து..."

"இழுத்தே."

"உதவி கூட்டிட்டு வரலாம்னுதான்..."

"கூட்டிட்டு வந்தியா?"

அவன் மடியில் கிடந்த பட்டையை என் பக்கம் தள்ளினான்.

"அவ திட்டுல உட்கார்ந்தபடி கிடைக்கல ராம்கி. சுவரோட அடியில கிடைச்சா. அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியும். ஒத்தைக் காலோட, கயிறு இல்லாம இறங்கப் பார்த்திருக்கா."

அவன் முகத்தை மூடிக்கொண்டான். எனக்கு அவனைத் தள்ளத் தோன்றவில்லை. அழவும் தோன்றவில்லை. ஓர் ஆண்டாக மார்புக்குள் கிடந்த ஏதோ ஒன்று புரண்டு படுத்தது.

"என்ன பண்ணப் போறே?" என்றான் கைகளுக்குள்ளிருந்து.

"சாயங்காலம் திரையை விலக்கப் போறேன். நீதானே கூப்பிட்டே? அறுத்த முனையைக் காட்டி, இது பொய்ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லப் போறேன். இந்தப் பட்டையைக் கயிற்றுக்குப் பக்கத்துல வைக்கப் போறேன். பிறகு போலீஸ். அங்கேயும் இதையேதான் சொல்லுவேன்."

"யாரும் நம்ப மாட்டாங்க. அவ ஹீரோயின்னு ஊரே நம்புது. நீயே அவ பேரைக் கெடுக்கப் போறியா?"

"அவ செத்துப்போறதுக்குச் சம்மதிச்சவள்னு நீ எழுதி வெச்சிருக்கே. அதைத்தான் அழிக்கப் போறேன். நம்பாட்டிப் போகட்டும். ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுவேன்."

கீழே பானு கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். முன்பு கேலி பேசிய முகம் அல்ல. பின்னறைக் கதவருகே தூக்கம் கலைந்த ஒருவன் வந்து நின்றான். அவனிடம் அவள் வியட்நாமிய மொழியில் ஏதோ சொன்னாள். அவன் அண்ணாந்து எங்களைப் பார்த்துவிட்டு மற்றவர்களை எழுப்ப ஓடினான்.

"அவ மன்னிப்புக் கேட்டாள்னு சொன்னியே," என்றேன். "கேட்டாளா?"

தலையை ஆட்டினான். இல்லை.

"நீ எழுதினது வேண்டாம். அவ சொன்னதைச் சொல்லு. கடைசியா."

அவன் என் பக்கம் சாய்ந்தான். அந்த மழையில் அவ்வளவு அருகில் வந்தால்தான் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கும். அவன் சொன்னபோது அது அவன் பேச்சாக இல்லை. அவள் பேச்சாகவே இருந்தது. யாரும் கற்பனை செய்து எழுத முடியாதது.

"நீ மொதல்ல எறங்கு. நான் பின்னாடியே வர்றேன், கயித்த மட்டும் இழுத்துறாத. ஒடஞ்சது காலுதானே, கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு."